கூரோஸ்: குமரன் அல்ல, விடலை

பழங்கிரேக்கப் பளிங்குச் சிலைகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'கூரோஸ்' என்பதைக் 'குமரன் சிலை' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒருமுறை எழுதியிருந்தால் விட்டுவிடலாம். இப்போது அதுவே கலைச்சொல்லாக நிலைத்துவிடும் போலிருக்கிறது.

கூரோஸ் என்றால் இளைஞன், பெண்பால் கோரே. ஹோமர் ஆண்ட சொல், அவருக்கு முந்தைய மைசீனியக் களிமண் ஏடுகளிலும் உண்டு. கலைவரலாற்றில், இடக்காலை முன்வைத்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, ஆடையின்றி நேரே நோக்கி நிற்கும் தாடியற்ற இளைஞனின் சிலை இது. பெரும்பாலானவை கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இச்சிலைகளை முன்பு ஐரோப்பிய அறிஞர்கள் கிரேக்கத் தெய்வமான 'அப்பல்லோ'வின் பெயராலேயே அழைத்தார்கள். அப்பல்லோவின் தலங்களில் பல கிடைத்ததால் வந்த மயக்கம் அது. ஆனால் சூனியோனில் கிடைத்த 3 மீட்டர் உயரச் சிலை நின்றது கடல் தெய்வமான போசைடனின் தலத்தில். சாமோஸ் தீவில் 5 மீட்டரைத் தொடும் சிலை நின்றது ஹேரா என்ற பெண்தெய்வத்தின் தலத்தில். அதைக் காணிக்கையாகத் தந்தவன் இஸ்கேஸ் என்று தொடையிலேயே பொறித்திருக்கிறது. அனவிசோஸ் என்ற ஊரில் கிடைத்த சிலையோ கல்லறையில் நின்றது. அதற்குரியதாகக் கொள்ளப்படும் பீடம், போர்முனையில் மாண்ட குரோய்சோஸுக்காக நின்று இரங்கச் சொல்கிறது. இவர்களில் யார் தெய்வம்? 1895இல் கிரேக்கத் தொல்லியலாளர் லியோனார்தோஸ் 'கூரோஸ்' என்ற பெயரை முன்வைத்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அங்கே தீர்ந்த குழப்பத்தை நாம் 'குமரன்' என்று சொல்லித் திரும்ப அழைத்து வருகிறோம்.

குமரன் என்றால் இளைஞன் என்று அகராதி சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. ஆனால் 'குமரன்' என்பதோடு 'சிலை' சேர்ந்து, பக்கத்தில் 'கோயில்' என்ற சொல்லும் வந்துவிட்டால், எந்தத் தமிழ் வாசகருக்கு வேலும் மயிலும் தோன்றாமல் இருக்கும்? குமரன், குமரி என்று கூரோஸ், கோரே போலவே இணை அமைகிறது என்பது இன்னொரு வாதம். இணையின் அழகுக்காகப் பொருளைப் பலிகொடுக்க முடியாது. ஒலி ஒத்திருக்கிறது, ஆகவே வேரும் ஒன்றுதான் என்று கிளம்புபவர்களும் உண்டு. முதலெழுத்து ஒத்தால் உறவாகிவிடாது. தனித்தமிழ்ப் பற்றோடு இச்சொல்லைப் பரிந்துரைப்பவர்கள், குமரன் வடமொழிக் 'குமார'விலிருந்து வந்ததையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

'காளை' பொருளால் மிகவும் நெருங்கிய சொல். ஆனால் இன்று 'காளைச் சிலை' என்றால் மாடுதான். எனவே நான் 'விடலை' என்கிறேன். சங்கப் பாடல்களில் தலைவியோடு பாலைவழி கடக்கும் இளைஞன் விடலை. இன்றும் மீசை அரும்பும் வயதை விடலைப் பருவம் என்கிறோம். அதில் எந்தத் தெய்வமும் ஏறி அமர்ந்திருக்கவில்லை. அச்சொல்லில் இலேசான ஏளனம் ஒட்டியிருக்கிறது என்றால், அது பிற்காலத்தில் நாம் ஒட்டியது, ஆண்டால் உதிர்ந்துவிடும்.

கோரேவுக்கு 'கன்னி' வேண்டாம், அதிலும் தெய்வ வாடை வந்துவிடும். 'மங்கை' போதும். ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்காவில் இளமையிலேயே இறந்த பிரசிக்ளேயாவின் சிலைப் பீடம், மணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் தந்த 'கோரே' என்ற பெயராலேயே தான் என்றும் அழைக்கப்படுவாள் என்கிறது. அங்கே 'மங்கை' என்று வைத்துப் படித்துப் பாருங்கள், தடையின்றிப் பொருந்துகிறது. கட்டுரையில் முதல்முறை 'விடலைச் சிலை (கூரோஸ்)', 'மங்கைச் சிலை (கோரே)' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொற்களையே ஆளலாம்.