அகவிலைப்படி: சொல்லும் அதன் உரிமையும்

நீலகிரியில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே தொகைக்கு மூன்று பெயர்கள் காதில் விழும். ஊட்டி கலெக்டர் ஆபீஸ் ஊழியர் 'டி.ஏ.' என்பார். குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலைபார்த்து ஓய்ந்தவர்கள் 'பஞ்சப்படி' என்பார்கள். அரசாணையிலும் செய்தித்தாளிலும் 'அகவிலைப்படி' என்று இருக்கும். விலைவாசி ஏறுவதால் சம்பளத்தின் வாங்கும் சக்தி குறைகிறது அல்லவா, அந்தக் குறையை ஈடுகட்ட அடிப்படை ஊதியத்தோடு சேர்த்துக் கொடுக்கும் தொகை இது. ஓய்வூதியர்களுக்கு இதே கணக்கில் கொடுப்பதை மத்திய அரசு அகவிலை நிவாரணம் என்கிறது.

மூன்று பெயர்களில் அகவிலைப்படியே சரியான தமிழ்ச்சொல். ஆனால் அதைத் தினமும் சொல்கிறவர்களில் பலருக்கு முதல் பாதி புரிவதில்லை. அகம் என்றால் உள், வீடு, மனம். ஆகவே அகவிலை என்றால் வீட்டுச் செலவு என்று பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. பழைய அகராதிகள் அகவிலை என்பதற்குத் தானிய விலை என்றே பொருள் தருகின்றன. அஃகம் என்றால் தானியம். ஒன்றாம் வகுப்பில் ஆத்திசூடியில் ஆய்த எழுத்துக்கு ஒரு வரி படித்திருப்போம்: 'அஃகஞ் சுருக்கேல்'. அதாவது தானியத்தை அளவு குறைத்து விற்காதே. அந்த அஃகம்தான் இங்கே அகம் என்று நிற்கிறது. விலைவாசி என்றாலே முதலில் சோற்று விலை என்றிருந்த காலத்துச் சொல்.

அடுத்த பாதியான படியும் தானியத்தோடு ஒட்டியதுதான். படி என்பது அளக்கும் கலம். அந்தக் கலத்தால் அன்றாடம் அளந்து கொடுக்கும் உணவுக்கும் படி என்று பெயர் வந்தது. பிறகு அதற்கு ஈடாகக் கொடுத்த காசுக்கும் வந்தது. 'நமக்குப் படியளக்கிறவர்' என்று கடவுளையும் முதலாளியையும் ஒரே மூச்சில் சொல்வது இதிலிருந்துதான். இன்றைக்குப் பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று படி பல இடங்களில் புழங்குகிறது. அங்கெல்லாம் கலமும் இல்லை, தானியமும் இல்லை. அகவிலைப்படியில் மட்டும் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

தேவாரத்தில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பருக்கும் சம்பந்தருக்கும் அடியார்களுக்கு அமுது படைக்க இறைவன் நாள்தோறும் ஒரு பொற்காசு தந்தார் என்பது பெரியபுராணக் கதை. அதற்குப் படிக்காசு என்று பெயர். சம்பந்தருக்குக் கிடைத்த காசு கடைத்தெருவில் மதிப்புக் குறைந்து போயிற்று. மாற்றும்போது வட்டம் பிடித்தார்கள். அப்போது அவர் பாடியதுதான் 'வாசி தீரவே காசு நல்குவீர்'. வாசி என்றால் வேறுபாடு, காசு மாற்றும்போது கழிக்கும் வட்டம். நாம் தினமும் சொல்லும் விலைவாசியிலும் அந்த வாசி உட்கார்ந்திருக்கிறது. கையில் காசு அதேதான், கடையில் அதற்குக் கிடைப்பது குறைவு. அந்த வாசியைத் தீர்த்துக் கொடு என்ற விண்ணப்பத்தைவிடத் தெளிவாக அகவிலைப்படிக்கு வேறொரு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சம்பந்தர் அதிகமாக ஒரு காசு கேட்கவில்லை. முழு மதிப்புள்ள காசைக் கேட்டார்.

இதனால்தான் பஞ்சப்படி என்ற பெயரைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறேன். பஞ்சத்தில் கொடுப்பது தருமம்; வாங்குகிறவர் கையேந்துகிறார், கொடுக்கிறவர் மனமிரங்குகிறார் என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பட்டினியைக் கண்ட தலைமுறையின் சொல் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் தானிய விலை ஓர் அளவுக்கு மேல் ஏறினால், கீழ்நிலை ஊழியர்களுக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவு விலை எகிறியபோது அது பெரிய அளவில் வந்தது. 1946-47இல் வரதாச்சாரியார் தலைமையில் வேலைபார்த்த முதல் ஊதியக் குழு, இந்தப் படியை வாழ்க்கைச் செலவுக் குறியீட்டோடு கட்டியது. அன்றிலிருந்து அது மனமிரக்கத்தை விட்டுக் கணக்குக்கு வந்துவிட்டது. இலங்கைத் தமிழில் இதை வாழ்க்கைச் செலவுப் படி என்கிறார்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பி இந்த மலைக்கு வந்த குடும்பங்களில் அந்தச் சொல்லும் கேட்கும். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது; இன்றைய டான்டீ அதுதான்.

சரி, கணக்கு எப்படி நடக்கிறது? இதில் நீலகிரிக்கு நேரான பங்கு உண்டு. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதாமாதம் வெளியிடுகிறது. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இப்போதைய வரிசையில் நாடு முழுவதும் 88 மையங்களில் விலை எடுக்கிறார்கள். அவற்றில் ஒன்று குன்னூர். டில்லியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தாவின் அகவிலைப்படியிலும், சின்ன அளவில்தான் என்றாலும், குன்னூர் மார்க்கெட்டின் அரிசி விலையும் பருப்பு விலையும் கலந்திருக்கின்றன. குறித்து வைத்த கடைகளுக்குப் போய், குறித்து வைத்த பொருளுக்கு, அதே ரகத்துக்கு என்ன விலை என்று திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவதுதான் இந்த வேலை. வீட்டு வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள்.

மலையில் விலை எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தால் இந்த மையத்தின் அருமை தெரியும். இங்கே விளைகிற கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏலத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்குகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், சிமெண்ட் எல்லாம் அதே சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகின்றன. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் காய்கறிக் கடையில் அன்றைக்கே தெரியும். குளிருக்குக் கம்பளி, ஸ்வெட்டர், கூடுதல் கேஸ், குளிக்க வெந்நீர். சமவெளிக் குடும்பம் யோசிக்காத செலவுகள் இவை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2001 வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் கொடுத்திருந்த எடை, அதாவது குறியீட்டெண்ணில் அவற்றின் பங்கு, 46.20 விழுக்காடு. 2016 வரிசையில் அது 39.17 ஆகக் குறைந்தது. வீட்டுவசதிக்கு 15.27 இருந்தது 16.87 ஆயிற்று. அகவிலை என்ற பெயருக்குள் அகத்தின் பங்கு பாதிக்கும் கீழே. மீதி வாடகை, துணி, மருத்துவம், படிப்பு, போக்குவரத்து. ஆனால் இவை தேசிய சராசரி. சம்பளம் குறைந்த வீட்டில் சோற்றுக்குப் போகிற பங்கு எப்போதும் அதிகம்தான்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், 12 மாதச் சராசரியை வைத்து இது மாறுகிறது. 2025 ஜனவரிக்கு 55 விழுக்காடு, ஜூலைக்கு 58. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தியபோது 17 விழுக்காடு, மீண்டும் கொடுத்தபோது 28. இடைப்பட்ட மாதங்களுக்கு நிலுவை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். செய்தியில் 'அகவிலைப்படி உயர்வு' என்று வந்ததும் 'இவங்களுக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை சம்பளம் ஏறுது' என்ற பேச்சு டீக்கடையில் கிளம்பும். ஏறுவது அவர்களின் வாங்கும் சக்தி இல்லை. ஏற்கெனவே இழந்தது, அதுவும் சில மாதம் தாமதமாக, திரும்ப வருகிறது.

அந்தப் பேச்சில் இன்னொரு தவறும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். அகவிலைப்படி அரசு ஊழியருக்கு மட்டும் உரியது என்று நினைப்பது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் வழியாக (2025 நவம்பரில் அதன் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்தது) தமிழ்நாட்டில் பல தொழில்களுக்கு அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படியும் நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. தேயிலைத் தோட்டம் மட்டும் இல்லை. ஹோட்டல், உணவகம், கடை, வணிக நிறுவனம் எல்லாம் அதில் அடங்கும். குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் புதிய தொகை. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் சாக்லேட் விற்கிற பெண்ணுக்கும், லாட்ஜில் அறை துடைக்கிற பையனுக்கும் இது உண்டு.

அவர்களில் பெரும்பாலோர்க்கு இது தெரியாது என்பதற்கு எளிய காரணம் ஒன்று: சம்பளத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை. 'மாசம் இவ்வளவு, சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு' என்று மொத்தமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். அதில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்ற கேள்வி எழுவதே இல்லை. அதனால் ஏப்ரல் வந்ததும் போவதும் தெரியாது. பொள்ளாச்சியிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் சீசனுக்கு வருகிற இளைஞர்கள் நிலை இன்னும் மோசம். யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. குறை ஒன்று விதியிலும் இருக்கிறது. இந்த அறிவிக்கைகளில் பலவற்றில் அகவிலைப்படியைச் சென்னை நகரக் குறியீட்டெண்ணோடு இணைத்திருக்கிறார்கள். மலையிலேயே ஒரு விலை மையம் இருக்கும்போது, மலைத் தொழிலாளியின் படி கடற்கரை ஊரின் விலையைப் பார்த்து ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே பேட்டா என்ற சொல்லையும் பிரித்துச் சொல்லவேண்டும். சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்கள் 'சம்பளம் கம்மிதான், பேட்டா இருக்கு' என்பார்கள். பேட்டா அன்றன்றைய சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கொடுப்பது. அதுவும் ஒரு படிதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றில்லை. வருங்கால வைப்புநிதிக்குப் பிடிப்பது அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் இவற்றை வைத்தே கணக்கிடுகிறார்கள். 2025 நவம்பர் வரை இருந்த சட்டங்களில் பேட்டா அதில் சேரவில்லை. அப்போது ஒருவர் 20 வருஷம் வண்டி ஓட்டி, வருமானத்தில் பெரும்பகுதி பேட்டாவாகவே வந்திருந்தால், கடைசியில் கையில் வந்தது சின்னத் தொகையாக இருந்தது. பேட்டாவை அதிகமாக்கிச் சம்பளத்தைச் சுருக்குவது வேலை கொடுப்பவருக்கு ஏன் வசதியாக இருந்தது என்பது இதிலிருந்தே புரியும்.

அப்புறம், அரசு வாழ்க்கைச் செலவைக் குறைக்கச் செய்கிற மற்ற உதவிகளை அகவிலைப்படியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. மகளிர் கட்டணமில்லா பஸ் பயணம் 2021இல் சமவெளி நகரப் பேருந்துகளில் தொடங்கியபோது நீலகிரிக்கு அது எட்டவில்லை. மலைப் பகுதிகளுக்கு 2024இல்தான் விரிவாக்கப்பட்டது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கும் டவுனில் கடை வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அது பெரிய வித்தியாசம். இவை செலவுப் பக்கத்தைக் குறைக்கின்றன, அகவிலைப்படி வரவுப் பக்கத்தைக் காக்கிறது. 1,000 ரூபாய் என்ற தொகை விலைவாசி ஏறினாலும் 1,000 ரூபாயாகவே நிற்கும். அதை மாற்ற ஒவ்வொரு முறையும் அரசு புதிதாக முடிவெடுக்க வேண்டும். குறியீட்டெண்ணோடு கட்டிய படிக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அதனால் இவற்றைக் கொடுத்தாயிற்றே, அகவிலைப்படி எதற்கு என்று கேட்பதில் நியாயமில்லை.

இந்தச் சொல்லுக்குள் வராதவர்களும் மலையில் இருக்கிறார்கள். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்துப் பச்சைத் தேயிலை பறித்து ஃபாக்டரிக்குப் போடுகிற சிறு விவசாயிக்குப் படி என்று எதுவும் இல்லை. உரம், மருந்து, பறிகூலி மூன்றும் ஏறினாலும் அவர் வரவு ஏலத்தின் கையில்தான். அவர்கள் சொல்கிற சொல் வேறு: 'கட்டுபடியாகுற விலை'. பல வருஷமாக அவர்கள் கேட்கும் குறைந்தபட்ச ஆதார விலையும் விவசாயிக்கான ஒரு வாசி தீர்ப்புத்தான்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலைக்குச் சேரும்போதே அடிப்படை எவ்வளவு, அகவிலைப்படி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டைப் பழைய சீட்டோடு வைத்துப் பாருங்கள். உங்கள் தொழிலுக்கான அந்த ஆண்டுத் தொகையைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. குன்னூரிலேயே அந்தத் துறைக்கு அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட வேலைபார்க்கிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.