கண்ணாடிச் சட்டத்துக்குள் சக்கரக் காசு நிற்பது எப்படி

1949 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், பழைய வீடுகளின் பெட்டிகளிலிருந்து சங்கு பொறித்த செப்புச் சக்கர நாணயங்கள் இன்றும் கிடைப்பதுண்டு. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்ற கணக்கைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவோர், அக்காசுகளையும் மாதா பதக்கம், வெள்ளி அரைஞாண் மணி போன்றவற்றையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். பெரும்பாலும் அவற்றைச் சட்டத்தின் பின்னட்டையில் பசை போட்டே ஒட்டுகிறார்கள். ஒட்டுவதைவிட விளிம்பைப் பிடித்து நிறுத்துவதே பாதுகாப்பானது என்பதற்கு இயற்பியலும் வேதியியலும் தனித்தனியே காரணம் சொல்கின்றன.

10 கிராம் எடையுள்ள ஒரு காசைப் புவியீர்ப்பு ஏறத்தாழ 0.1 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. எந்த டபுள் சைடு டேப்புக்கும் இது அற்பமான பாரம்தான். ஆயினும் ஒட்டிய அன்று உறுதியாக நின்ற காசு சில கோடைகள் கழித்து நழுவி விழுவதற்குக் காரணம், அந்தப் பசை முழுத் திண்மமும் அல்லாமல் முழுத் திரவமும் அல்லாமல் இருப்பதே. சட்டென்று இழுத்தால் அது எதிர்த்து நிற்கும். சிறு பாரத்தை ஆண்டுக்கணக்கில் சுமக்க வைத்தால், சாய்த்துவைத்த பாத்திரத்தில் கெட்டியான மார்த்தாண்டம் தேன் இறங்குவதைப் போல மெல்ல இறங்கும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். தடிமனான பதக்கத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அதன் எடை மையம் அட்டையிலிருந்து தள்ளி நிற்பதால், எடை அதைக் கீழே இழுப்பதோடு மேல் விளிம்பை முன்பக்கமாகவும் கவிழ்க்கப் பார்க்கிறது. அப்போது பசையின் முழுப் பரப்பும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாமல், உரியத் தொடங்கும் ஒரே கோட்டில் இழுவிசை குவிகிறது. நொடியில் இறுகும் சூப்பர் குளூ நழுவாது என்பது உண்மைதான், ஆனால் அது நொறுங்கும் தன்மையுடையது; கதவு அடித்துச் சாத்தும் அதிர்ச்சியிலேயே விட்டுப்போகக்கூடும். இறுகும்போது எழும் அதன் ஆவி, காசைச் சுற்றி வெண்மையாகப் படிவதும் உண்டு.

வட்டமான ஒரு பொருளை அசையாமல் நிறுத்த மூன்று ஊசிகள் போதும். அட்டையைத் துளைத்துப் பின்பக்கம் மடித்த மெல்லிய பித்தளை ஊசிகளின் முன்முனையைச் சிறு கொக்கியாக வளைத்து விளிம்பின்மேல் படியவிட்டால், காசு கீழேயும் விழாது, முன்பக்கமும் சாயாது. ஊசிகளைக் கடிகார முகத்தில் 12, 4, 8 என்று சமதூரத்தில் வைப்பது கண்ணுக்கு அழகு. அந்த அமைப்பில் கீழ் ஊசிகள் ஒவ்வொன்றும் காசின் முழு எடைக்குச் சமமான விசையைத் தாங்குகின்றன. அவற்றையே 5, 7 ஆகிய இடங்களுக்கு இறக்கினால் ஒவ்வொன்றுக்கும் எடையில் 0.58 பங்குதான் வரும். கனமான பதக்கத்துக்கு நான் இரண்டாவதையே தேர்வேன். மேல் ஊசி பாரம் சுமப்பதில்லை. ஆகவே அதை இறுக்காமல், ஒரு தாள் நுழையும் இடைவெளி விடலாம். உலோகம் விரிவடைவதற்காக இந்த இடைவெளி தேவையில்லை: 25 மி.மீ. அகலமுள்ள செப்புக் காசு 15 பாகை வெப்ப உயர்வுக்கு 0.006 மி.மீ. மட்டுமே விரியும். ஈரத்தில் உப்புவதும் காய்ந்து சுருங்குவதும் அட்டைதான். வளையம் உள்ள பதக்கங்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, நைலான் தூண்டில் நரம்பால் அட்டையோடு தைத்துவிடலாம்.

ஊசி எதனால் ஆனது என்பதில்தான் வேதியியல் நுழைகிறது. இரும்புக் குண்டூசி செம்பைத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால், இரண்டும் ஒரு சிறு மின்கலமாகி இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். அந்தத் துரு காசின்மேல் கறையாக இறங்கும். சமையல் உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரையக்கூடியது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இதற்குத் தட்டுப்பாடில்லை. வியர்வையிலும் உப்பு உண்டு என்பதால் காசைப் பருத்திக் கையுறையுடன் கையாள்வது நல்லது. பித்தளை ஊசிக்கும் ஒரு மேலுறை போடலாம், ஆனால் மின்கம்பியின் உறையை உருவிச் செருகக் கூடாது. அது பெரும்பாலும் பி.வி.சி., காலப்போக்கில் அமிலம் கசியவிட்டுச் செம்பைப் பச்சை பூக்கச் செய்யும். பாலித்தீன் குழாய் அந்தத் தொல்லை தராது.

ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இப்பகுதியில் ரப்பர் வளையமும் ரப்பர் வில்லையும்தான் முதலில் கைக்கு வரும். மரப்பாலை நீளும் ரப்பராக மாற்றக் கந்தகம் சேர்க்கிறார்கள். மீந்த கந்தகச் சேர்மங்கள் மெல்ல வெளியேறி வெள்ளியோடு சேர்ந்து கருநிற வெள்ளி சல்பைடாகின்றன. கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. ஆகவே வெள்ளிக்குப் பின்னணியாகப் பருத்தித் துணியே பொருத்தம். மரச்சட்டங்களிலிருந்தும் ஓரளவு அசெட்டிக் அமில ஆவி வருகிறது, புதிய மரத்தில் கூடுதலாக. ஈயத்தாலான பொருள்களை இது கடுமையாக அரிக்கும்.

மாட்டுவதற்கு முன் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புளியின் அமிலம் செம்பின்மேல் படிந்த பழுப்பு ஆக்சைடைக் கரைத்துவிடுவதால் புதிய உலோகம் காற்றுக்கு வெளிப்படுகிறது, நாணயம் சேர்ப்போர் பார்வையில் காசின் மதிப்பும் இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் வெளிச்சுவர் பல மாதம் ஈரம் வாங்கியிருக்கும் என்பதால், சட்டத்தை உட்சுவரில் மாட்டி, அதன் பின்புறக் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றோட்டத்துக்கு வழிவிட வேண்டும். அங்கே பாரம் எதுவும் இல்லை என்பதால் டேப்பே போதும்.