ஃபேஸும் நியூட்ரலும் ஏன் ஒரே பாதையில் செல்ல வேண்டும்?

வீட்டின் அருகே செல்லும் உயரழுத்த மின்கம்பியின் காந்தப்புலம் உடலைப் பாதிக்குமா என்று, வயரிங் பணிக்காக என்னை அழைக்கும் பலரும் கேட்கின்றனர். அவர்களின் கவலை நியாயமானதே. அதே கவனத்தைத் தம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர்களின் மீதும் அவர்கள் செலுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை 1820-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். நீண்ட நேர்க்கம்பியைச் சுற்றி வட்ட வட்டமாக அமையும் இப்புலம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்திலும் தொலைவுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்; வோல்டேஜுக்கு இக்கணக்கில் இடமில்லை. மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் தனியாகச் சென்று, அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால், 1 மீட்டர் தொலைவில் புலம் 2 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). திரும்பி வரும் நியூட்ரல் வயர் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் உடன் சென்றால், எதிரெதிர்த் திசையிலுள்ள இரு புலங்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்வதால், அதே இடத்தில் எஞ்சுவது 0.01 மைக்ரோடெஸ்லாதான்.

இந்த இணை பிரியும் இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. மேலும் கீழும் இரு இடங்களிலிருந்து இயக்கும் மாடிப்படி விளக்கின் டூ-வே சுவிட்சுக்கு ஃபேஸைக் கீழ்த்தளத்திலிருந்தும் நியூட்ரலை மேல்தளத்திலிருந்தும் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. வயர் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் மின்னோட்டம் வீட்டையே சுற்றி வரும் பெரிய வளையமாகிவிடுகிறது, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியாகத் தளத்துக்கு ஒன்றாகப் பொருத்திய ஆர்.சி.சி.பி.யும் காரணம் புரியாமல் டிரிப் ஆகிறது.

தொழிற்கூடங்களில் விளைவு இன்னும் கடுமையானது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் செல்லும் சிங்கிள் கோர் (ஒரே கடத்தி கொண்ட) கேபிள்களை, அவை பேனலுக்குள் நுழையும் தகடான இரும்பு கிளாண்ட் பிளேட்டில் தனித்தனித் துளைகள் வழியே பேனலுக்குள் கொண்டுவந்தால், ஒவ்வொரு கேபிளையும் சூழ்ந்திருக்கும் இரும்பில் மாறுதிசைக் காந்தப்புலம் செறிந்து, சுழல் மின்னோட்டத்தால் தகடு சூடேறி, நாளடைவில் கேபிளின் இன்சுலேஷன் கருகும். கனெக்‌ஷன் லூஸ் என்று எண்ணி கேபிள் முனையில் பொருத்தும் லக்குகளை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அலுமினியத் தகடு பொருத்த வேண்டும், அல்லது மூன்று ஃபேஸும் நியூட்ரலும் ஒரே திறப்பின் வழியே வர வேண்டும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குப் பொதுமக்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. மேற்சொன்ன வீட்டு அளவுகள் அதற்கு வெகு கீழே உள்ளன. இத்தகைய புலங்களைப் புற்றுநோய்ப் பன்னாட்டு ஆய்வு முகமை 2002-இல் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆயினும் காரண உறவு நிறுவப்படவில்லை. ஆகவே அச்சம் வேண்டாம், ஆனால் சரியான வயரிங்கால் எளிதில் தவிர்க்கக்கூடிய புலத்தைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

புதிய வயரிங் முடிந்ததும், ஒவ்வொரு சர்க்யூட்டையும் லோடில் வைத்து, அதன் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் வைத்துக் காட்டுமாறு எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆம்பியர் கணக்கில் காட்டினால், நியூட்ரல் வேறு பாதையில் செல்கிறது அல்லது எங்கோ மின்கசிவு உள்ளது. சுவரைப் பூசுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.