சவ்வூடு பரவல்

ஆஸ்மோசிஸ் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் சொல் சவ்வூடு பரவல். இலங்கைப் பாடநூல்களில் இது பிரசாரணம். கரைபொருளைத் தடுத்து நீரை மட்டும் விடுகின்ற சவ்வின் வழியே, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு நீர் செல்வதை இச்சொல் குறிக்கும். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசிறி வைத்த சிறிது நேரத்தில் பாத்திரத்தின் அடியில் நீர் தேங்குவது இதனால்தான்.

மூலச்சொல், கிரேக்கத்தில் தள்ளுதலைக் குறிக்கும் ஓஸ்மோஸ். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி துத்ரோஷே, உள்நோக்கிய ஓட்டத்தை எண்டோஸ்மோஸ் என்றும் வெளிநோக்கிய ஓட்டத்தை எக்ஸோஸ்மோஸ் என்றும் அழைத்தார். இரண்டுக்கும் பொதுவான ஓஸ்மோஸ் என்ற பெயரை 1854இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம் வழங்கினார். கிரேக்கச் சொல் விசையைச் சுட்டுகிறது. வடமொழிவழி வந்த பிரசாரணம் விரிதலை மட்டும் சொல்கிறது. நிகழ்வுக்கு இன்றியமையாத சவ்வைப் பெயரிலேயே வைத்திருப்பது சவ்வூடு பரவல் ஒன்றே என்பதால், அதையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன். ஆனால் கடந்து செல்வது எது என்பது அச்சொல்லில் இல்லை. டயாலிசிஸ் சிகிச்சையில் யூரியாவும் சவ்வின் ஊடாகத்தான் பரவுகிறது. அங்கே கடப்பது நீரன்று, கரைபொருள் என்பதால், அதைச் சவ்வூடு பரவல் என்று எழுதுவது பிழை.

எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதைச் செல் சவ்வின் அமைப்பே முடிவு செய்கிறது. பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு வகை மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று, நீரை ஏற்காத வால்களை உட்புறமாகத் திருப்பி வைத்திருப்பதால், ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எளிதில் நுழைய, சோடியம் அயனியும் குளுக்கோசும் புரதங்களின் துணையின்றிக் கடக்க முடிவதில்லை. நீர் இந்த அடுக்கின் வழியே மெதுவாகவே கசியும். சிவப்பணுக்களில் அது விரையும் வழி அக்குவாபோரின் என்னும் புரதக் கால்வாய் என்று அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் ஆக்ரே 1992இல் காட்டினார். நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் செல்லும் அந்தக் குறுகிய வழியில் புரோட்டான்கள் போக முடியாது. இக்கண்டுபிடிப்புக்காக 2003இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரத்த நாளத்தில் வெறும் நீரை ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். ஆகவேதான் மருத்துவமனைகளில் இரத்தத்தின் செறிவுக்கு ஏறத்தாழ இணையான 0.9 விழுக்காட்டு உப்புநீர் ஏற்றப்படுகிறது.

நாம் அன்றாடம் ஆர்.ஓ. என்று சொல்வது எதிர்ச் சவ்வூடு பரவல். சென்னைக்கு அருகிலுள்ள நெம்மேலி நிலையத்தில் கடல்நீர் குடிநீராவது இம்முறையில்தான்: நீர் உப்புப் பக்கம் செல்வதை நிறுத்தத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம்; கடல்நீருக்கு ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தமான அதை மிஞ்சும் அழுத்தத்தை உப்புள்ள பக்கத்தில் செலுத்தினால், நீர் நன்னீர்ப் பக்கம் திரும்புகிறது.