புதிய ரைஃபிள் வந்தபின் பழையதை வைத்திருப்பதா, விற்பதா?

துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களில் பலர் புதிய ரைஃபிளுக்கு முன்பணம் கொடுத்துவிட்ட பிறகுதான் பழையதை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். படைக்கல உரிமம் தொடர்பான விண்ணப்பங்களையும் மேல்முறையீடுகளையும் நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம் என்றுதான் அவர்களிடம் சொல்லத் தோன்றுகிறது. ஒரு துப்பாக்கி நம் வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பது நம் விருப்பத்தையும் கையிருப்பையும் மட்டும் பொறுத்ததன்று. உரிமப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்று நெடுங்காலம் இருந்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. அப்போது மூன்று வைத்திருந்தவர்கள் ஏதேனும் இரண்டைத் தேர்ந்துகொண்டு, மீதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்றும், அந்தக் கெடு முடிந்து 90 நாட்களுக்குள் அந்தத் துப்பாக்கிக்கான உரிமம் நீக்கப்படும் என்றும் சட்டமே சொல்லியது. ஆனாலும், தாத்தா காலத்துத் துப்பாக்கி பரம்பரைச் சொத்து, அது இந்தக் கணக்கில் சேராது என்று நம்புகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். பரம்பரை வழியில் உரிமம் வழங்கும்போதும் இரண்டு என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்று அதே திருத்தம் தெளிவாகக் கூறுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காகப் பயன்படுத்தும் .22 ரைஃபிளையும் ஏர் ரைஃபிளையும் பொறுத்தவரை அந்த வரம்பு அவருக்குப் பொருந்தாது. போட்டிகளில் பதக்கம் பெற்ற வீரர்களுக்கு மத்திய அரசு தனியாக வழங்கியுள்ள சலுகைகள் வேறு. கிளப் உறுப்பினர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எந்த ரைஃபிளையும் இந்த விதிவிலக்கில் சேர்த்துவிட முடியாது; .22 என்ற அளவோ ஏர் ரைஃபிள் என்ற வகையோ, அதோடு இலக்குப் பயிற்சி என்ற நோக்கமும், கிளப்பின் அங்கீகாரமும் ஒருசேர இருக்க வேண்டும்.

வரம்புக்குள் இருப்பவருக்கு, அதாவது ஒன்று வைத்திருந்து இரண்டாவது வாங்குகிறவருக்கு, பழையதை விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வைத்திருப்பது பயனுள்ளதா என்பதே அவர் யோசிக்க வேண்டியது. மூன்றாவதை விரும்புகிறவருக்கோ ஒன்றை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. எதை விடுவது என்பதை மட்டும் அவர் முடிவு செய்யலாம்.

கூடலூர்ப் பக்கத்துத் தோட்ட உரிமையாளர் ஒருவரின் நிலை இதை விளக்க உதவும். அவரிடம் தந்தை வழியில் வந்த 12 போர் (bore, குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும், இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 ரைஃபிள் ஒன்றும் இருந்தன. அவர் வாங்க விரும்பியது .30-06 ரைஃபிள். தந்தையின் துப்பாக்கியை விற்பதாகவே அவர் முடிவு செய்திருந்தார். அது பழையது, கட்டையில் கீறல் விழுந்தது, நல்ல விலை போகாது என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் கடைக்காரர் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோது, 12 போரின் இரண்டு குழல்களும் உள்ளே கண்ணாடி போலப் பளபளத்தன. அதைவிட வெகு பின்னால் வாங்கிய .315 ரைஃபிளின் குழலிலோ, தோட்டா பொருந்தும் அறைக்குச் சற்று முன்னால் துருப் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. மழைக்காலம் முழுவதும் அதைத் துணி உறையிலேயே வைத்திருந்ததன் விளைவு அது. வெளிப்பூச்சைப் பார்த்து விலை மதிப்பதும் அதை வைத்து முடிவெடுப்பதும் தவறாகப் போவதற்கு இதுவே போதுமான சான்று.

அவரிடம் நான் கேட்டது வேறு கேள்வி: இந்த மூன்றில் எதை நீங்கள் உண்மையில் சுடப்போகிறீர்கள்? 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பயன் நமக்கு இல்லை. உரிமத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின்படி உரிய அனுமதி இல்லாமல் சுட்டால், கையிலிருக்கும் துப்பாக்கி உரிமம் அவர்களைக் காப்பாற்றாது. ஆகவே, பெரிய குண்டு பாயும் இரண்டு ரைஃபிள்களை ஒரே வீட்டில் வைத்திருப்பதால் சாதாரண உரிமதாரருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு 12 போரும் ஒரு ரைஃபிளும் இருந்தால் ஒன்று செய்யாத வேலையை மற்றொன்று செய்யும். .315, .30-06 இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைக்கானவை. அவர் .315-ஐ விட்டுவிட்டு 12 போரை வைத்துக்கொள்வதே முறை என்று நான் சொன்னேன். முடிவில் அப்படியே செய்தார்.

தோட்டா கிடைப்பதும் முக்கியம். .315க்கும் 12 போருக்கும் உள்நாட்டிலேயே தோட்டா உற்பத்தியாகிறது. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற .275 ரிக்பி, .375 மேக்னம் போன்றவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் மலைத்தோட்டப் பகுதிகளில் இன்னும் சில உண்டு. அவற்றுக்கான தோட்டா இறக்குமதியைச் சார்ந்தது. கிடைத்தாலும் விலை கை கடிக்கும். அப்படிப்பட்ட ரைஃபிளைச் சுடுவதற்காக வைத்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது தோட்டா வாங்கினீர்கள் என்று கேட்பேன். .303 வைத்திருப்பவர்களின் சிக்கல் இன்னும் பெரிது. அது தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால், சாதாரண உரிமம் வைத்திருக்கும் ஒருவருக்கு அதை விற்கவே முடியாது.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர்கள் அதற்கான செலவையும் பொறுப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உரிமத்தின் காலம் 2019 திருத்தத்தால் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் கூடியிருக்கிறது. ஆனால் புதுப்பிக்கும்போது இரண்டு துப்பாக்கிகளையும் காட்ட வேண்டியிருக்கும். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் இரண்டையும் எண்ணெய் பூசி, நிலையைக் குறித்த ரசீதுடன் ஒப்படைத்துத் திரும்ப வாங்க வேண்டும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் தங்கள் துப்பாக்கி விவரத்தை வனத்துறையிடமும் பதிவு செய்திருக்க வேண்டும். புதியது வந்தாலும் பழையது போனாலும் அந்தப் பதிவையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் தொடாமல் பீரோவின் மேல் கிடக்கும் துப்பாக்கிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. அடிக்கடி எடுத்துத் துடைத்துவைக்கும் துப்பாக்கி காணாமல் போனால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மறந்துபோன துப்பாக்கி காணாமல் போனது புதுப்பிக்கும் நாளில்தான் தெரியவரும்.

விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் இடையே, பலருக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முதலில் நிகழ்கிறதோ அப்போது, தாம் குறிப்பிடும் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்கும்படி கேட்கலாம். அந்த வாரிசு மற்ற தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும். அவர் கையில் ஏற்கெனவே இரண்டு இருக்கவும் கூடாது. தந்தையின் நினைவு என்பதற்காக விற்கத் தயங்குகிறவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். மகனுக்கோ மகளுக்கோ அதில் துளியும் நாட்டமில்லை என்றால், நாம் உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடுவது அவர்களுக்குச் செய்யும் உதவி. உரிமதாரர் இறந்தபின் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, குறித்த காலத்துக்குள் யாரும் திரும்பக் கேட்காமலும் விற்கப்படாமலும் இருந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி அரசுக்குப் பறிமுதலாகிவிடலாம்.

விற்பது என்று முடிவான பிறகு செய்யும் பிழைகளால்தான் வழக்குகள் வருகின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமத்துடன் வைத்திருந்த துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க விற்பனை உரிமம் தேவையில்லை. ஆனால் விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவர் (District Magistrate) அதிகாரம் கொண்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, அதன்பின் 45 நாட்கள் கடந்திருக்க வேண்டும். மாநகரக் காவல் ஆணையர் எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமம் வழங்கிய ஆணையர் அலுவலகத்துக்கும் எழுதுவது நல்லது. கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும். 45 நாட்கள் எப்போது தொடங்கின என்பதற்கு அந்த முத்திரையைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.

இந்த 45 நாட்களில் நடக்கும் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாங்க வருபவர் தெரிந்தவராக இருப்பார். “ஒரு வாரம் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா” என்பார். இவரும் தயங்காமல் தூக்கிக் கொடுத்துவிடுவார். சட்டம் இதற்கு இடம் தரவில்லை. உரிமதாரர் உடனிருக்கும்போதோ அவரது எழுத்து அனுமதியுடனோ மற்றொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்றாலும், அது பழுதுபார்க்கவும், உரிமம் புதுப்பிக்கவும், உரிமதாரரே பயன்படுத்தவும் மட்டுமே. சுட்டுப் பார்க்க விரும்பினால், அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் உரிமதாரர் முன்னிலையில், தள நிர்வாகத்தின் விதிகளுக்கு உட்பட்டுப் பார்க்கட்டும். இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்கள் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்து அவர்கள் மூலமாகவே விற்கலாம். கையில் வரும் தொகை குறையும். ஆனால் நிம்மதி அதிகம். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்.

கடிதம் எழுதும் முன் ரைஃபிளின் வரிசை எண்ணை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய புத்தகங்களில் கையால் எழுதிய 3ஐ 8 என்று படித்துக் கணினியில் ஏற்றியிருப்பது அரிதன்று. வாங்குபவரின் உரிமத்தில் ஏற்றும்போது அது வெளிப்பட்டால், இரண்டு பேரும் விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதேபோல, வாங்குபவரின் உரிமம் நடப்பில் இருக்கிறதா, அந்த வகைத் துப்பாக்கியை வாங்க அதில் அனுமதி இருக்கிறதா என்பதை அவர் வாய்மொழியை நம்பாமல் மூல உரிமத்தைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும். தகுதியைச் சரிபார்க்காமல் ஆயுதத்தை ஒருவரிடம் ஒப்படைப்பது தனிக் குற்றம்.

விற்பனை முடிந்ததும் நம் உரிமத்திலிருந்து அந்த ரைஃபிளின் பதிவு நீக்கப்பட்டதற்கான மேலெழுத்தை (endorsement) உரிமப் புத்தகத்தில் பெற்ற பிறகே புதியதை ஏற்ற விண்ணப்பிக்க வேண்டும். அப்போது மேசை இழுப்பறையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். விற்ற ரைஃபிளின் தோட்டாக்கள் நாலைந்து அங்கே கிடக்கும். அந்த அளவுத் துப்பாக்கி நம் உரிமத்தில் இல்லாமல் போன பிறகு அந்தத் தோட்டாக்களை வைத்திருக்கவும் நமக்கு உரிமை இல்லை. ரைஃபிளோடு சேர்த்தே அவற்றையும் வாங்குபவருக்கோ கடைக்கோ கணக்குக் காட்டிக் கொடுத்து, எண்ணிக்கையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.