பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறதா? நிற்கிறதா, உட்காருகிறதா என்று பாருங்கள்

"வேணும்னே பண்ணுது டாக்டர்." கூடையில் பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டோம், அந்தக் கோபம் என்பார்கள். திட்டினேன், பழிவாங்குகிறது என்பார்கள். பூனைக்கு அப்படிக் கணக்குத் தீர்க்கத் தெரியாது. அது சிறுநீரை எப்படிக் கழிக்கிறது என்று சொன்னால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நின்றபடி என்றால் அது பீய்ச்சுதல். பின்புறத்தைச் சுவர்ப்பக்கம் காட்டி, வாலை நேராகத் தூக்கி, வால் நுனி நடுங்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு கொஞ்சமாக அடிக்கும். பீரோ ஓரத்திலோ கதவு நிலையிலோ ஒரு சாண் உயரத்திலிருந்து ஈரம் வழிந்திருக்கும். இது மூத்திரப்பை நிறைந்ததால் வருவதல்ல. 'இது என் இடம்' என்று மற்ற பூனைகளுக்கு எழுதிவைக்கும் குறிப்பு.

கடுவன்கள் ஐந்தாறு மாத வயதில் இதை ஆரம்பிக்கும். பெட்டைகளும் பீய்ச்சும், முக்கியமாகச் சேர்க்கைக்குத் தயாராகும் நாட்களில். கடுவனின் சிறுநீரில் உள்ள ஃபெலினின் என்ற பொருள் சிதையச் சிதையக் கந்தக வாடை கூடிக்கொண்டே போகும். காலையில் சும்மா இருந்த மூலை மாலையில் நாறுவது அதனால்தான். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்களுக்கு இந்தப் பழக்கம் நின்றுவிடும், அல்லது நன்றாகக் குறையும். பழக்கம் ஊறுவதற்கு முன்பே, ஐந்து மாத வாக்கில் செய்துவிடுவது நல்லது. "பாவம் டாக்டர், ஒரு தடவை குட்டி போடட்டும்" என்பதில் மருத்துவ நியாயம் எதுவும் கிடையாது.

கருத்தடை செய்தும் பீய்ச்சுகிறதா? ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பெரும்பாலும் மதில்மேல் ஒரு தெருக் கடுவன் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்தாலே சில வீடுகளில் பிரச்சினை அடங்கிவிடுகிறது. புதுப் பூனை, புது சோபா, வீட்டுக்கு வந்த குழந்தை, இவையும் காரணமாகலாம்.

உட்கார்ந்து, குளம்போலப் போனால் கதை வேறு. முதலில், பூனை ஒதுங்குவதற்காக வைத்திருக்கும் மண் தட்டைச் சந்தேகப்படுங்கள். அது பால்கனியில் இருந்து, ராத்திரி கதவைச் சாத்திவிட்டால் பூனை எங்கே போகும்? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலோ, ஆடிக் குலுங்கும் வாஷிங் மெஷினுக்கு அருகிலோ வைத்தாலும் பல பூனைகள் போகாது. வாசனை போட்ட மண் நமக்காகச் செய்தது, பூனைக்கு அல்ல. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். தினமும் அள்ளுங்கள்.

துடைப்பதற்குப் பினாயில் வேண்டாம். ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் நஞ்சாகும். அமோனியா கலந்த திரவமும் சிறுநீர் வாடையைப் போலவே இருப்பதால் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும். பெட் ஷாப்பில் கிடைக்கும் என்சைம் கிளீனர்தான் சரி. மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பூனையின் பதற்றத்தைக் கூட்டி, பிரச்சினையையும் கூட்டும்.

தட்டு சரியாக இருந்தும் வெளியே போனால் நோயாக இருக்கலாம். வயதான பூனை நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போனால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். இளம் பூனை அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக, சில நேரம் ரத்தத்தோடு போனால், பெரும்பாலும் கிருமியே இல்லாத மூத்திரப்பை அழற்சி. மனப் பதற்றமும் அதற்கு ஒரு காரணம். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒன்றும் வராமல் இருப்பது. ஆணுக்கு மூத்திரக் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கருத்தடை செய்ததும் செய்யாததும் இதற்கு விலக்கல்ல. வீட்டில் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றி ஒருநாளை வீணாக்கிவிடுகிறார்கள். வயிற்றைத் தொட்டால் மூத்திரப்பை சாத்துக்குடிபோலக் கெட்டியாக நிற்கும். தொட்டதுமே பூனை அலறும். நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், உடைந்துவிடக்கூடும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தளரும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

தட்டுக்கும் மூலைக்கும் ஓடி ஓடி உட்காருவது, அடிவயிற்றில் ஓயாமல் நக்குவது, கத்துவது, வாந்தி எடுப்பது, இவற்றைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் மயக்கம் கொடுத்து, குழாய் செருகி அடைப்பை எடுப்போம். சில நாள் குழாயோடு படுக்க வைக்க வேண்டியிருக்கும். மறுபடி அடைக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் அப்புறம் உலர் தீவனத்தைக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றச் சொல்வேன். தண்ணீர்க் கிண்ணங்களை ரெண்டு மூன்று இடங்களில் வையுங்கள், சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தள்ளியே.