பெரிய வீடியோவை வெளிநாட்டுக்கு அனுப்புவது: கரண்ட் போனாலும் கோப்பு போய்ச் சேர

கல்லடியிலோ கல்முனையிலோ கலியாண வீடு முடிந்த கையோடு ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் போன் வந்துவிடும்: "வீடியோ எப்ப வரும்?" இரவு முழுக்க ஏற்றி, முடியப் போகும் நேரத்தில் கரண்ட் போய், காலையில் மறுபடி சுழியத்திலிருந்து ஏற்றுகிறோம் என்பது அடிக்கடி வரும் முறைப்பாடு. வேகம் குறைந்தால் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும் வழியில் அனுப்பினால்தான் கோப்பு போய்ச் சேராமலே கிடக்கும்.

முதலில் கணக்கு. பெக்கேஜ் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது இறக்கும் வேகம். உங்களுக்கு வேண்டியது ஏற்றும் வேகம். 4ஜி ரவுட்டரில் அது பெரும்பாலும் நன்றாகக் குறைவு. வேகச் சோதனையை மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை, நள்ளிரவுக்குப் பிறகு ஒரு தடவை செய்து பாருங்கள். ஜிபியை 8000 ஆல் பெருக்கி, ஏற்றும் எம்பிபிஎஸ்சால் (வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) வகுத்தால் எத்தனை வினாடி என்று வரும். 9 ஜிபி படம், 4 எம்பிபிஎஸ் என்றால் 18,000 வினாடி, அதாவது 5 மணித்தியாலம். இடையில் தடங்கல் வரும், 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்துக்குள் அடங்குமா என்றும் இப்போதே தெரிந்துவிடும்.

அனுப்ப முன் அளவைக் குறையுங்கள். சிப் (zip) கோப்பாக அடைத்தால் வீடியோ சிறுக்காது. அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், வீடியோவைக் கூடுதலாகச் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றினால், 10 எம்பிபிஎஸ்சில் இருந்த இரண்டு மணித்தியால முழு எச்டி படத்தை 5 எம்பிபிஎஸ்சில், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாமல் வைக்கலாம். 9 ஜிபி 4.5 ஆகிவிடும். பழைய டிவிகள் சில எச்.265ஐ ஓட்டாது, அங்கே என்ன டிவி என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நொறுங்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் தரம் காப்பாற்றப்படும், ஆனால் 2 ஜிபிதான் எல்லை. கூகுள் டிரைவில் இலவசம் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலோடு பங்கிட வேண்டும். நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுவிடும்.

இனி முக்கியமான வேலை. கோப்பை அடைக்கவும் துண்டாக்கவும் உதவும் செவன்-சிப் என்ற இலவச மென்பொருளில் கோப்பை வைத்து, சுருக்க அளவை 'ஸ்டோர்' (சுருக்காமல் அப்படியே வைப்பது) ஆக்கி, துண்டு அளவை 1000 எம்பி என்று கொடுங்கள். .001, .002 என்று வரிசையாகத் துண்டுகள் விழும். 4 எம்பிபிஎஸ்சில் ஒரு துண்டு ஏற ஏறக்குறைய 35 நிமிடம். கரண்ட் போனால் இழப்பது அந்த ஒரு துண்டைத்தான், அதற்கு முன் ஏறிய துண்டுகள் அப்படியே இருக்கும். பெறுபவர் எல்லாத் துண்டையும் ஒரே போல்டரில் போட்டு .001ஐத் திறந்தால் போதும். போனில் மட்டும் பார்க்கும் அம்மம்மாவுக்கு இந்த வழி சரிவராது. அவருக்குச் சிறிய பிரதி ஒன்றைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

உலாவியில் ஏற்றாதீர்கள், தாவலை மூடினால் போச்சு. டிரைவின் கணினிச் செயலியில் போட்டால், மெஷின் மறுபடி எழும்பியதும் விட்ட வேலையை அது தானாகத் தொடங்கும். ஏற்றும் வேகத்தை முழுதாக எடுக்க விடாமல், செயலியின் அமைப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாரும் வீடியோ கோல் பேச முடியாது.

மாரி காலத்தில் கரண்ட் போகும்போது லப்டொப் பட்டறியில் ஓடிக்கொண்டிருக்கும், ரவுட்டர்தான் முதலில் சாகும். அதற்கென்று சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் பட்டறிப் பெட்டி) கடைகளில் இருக்கிறது. வாங்க முன் ரவுட்டர் அடப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் கொடுத்தால் அது ஒழுங்காக ஓடாது. மாறி நடந்தால் ரவுட்டரே எரியலாம். வைபைக்குப் பதில் லான் வயர் போடுங்கள், கணினி தூங்கும் அமைப்பை நிறுத்துங்கள், விண்டோஸ் அப்டேட்டை ஒரு கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

போய்ச் சேர்ந்தது சரியா? மூலக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, செவன்-சிப் பட்டியலில் எஸ்எச்ஏ-256ஐ (கோப்புக்குக் கைரேகை மாதிரி ஒரு குறி) எடுங்கள். 64 எழுத்துக் குறி ஒன்று வரும். பெறுபவர் இணைத்து எடுத்த கோப்பிலும் அதே குறி வரவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஏதோ ஒரு துண்டு பழுது. குறி பொருந்தும் வரை மெமரி காட்டை அழிக்கவே வேண்டாம்.

எடிட் செய்யாத மூலப்படம் 500 ஜிபி இருந்தால் வேறு கதை. 4 எம்பிபிஎஸ்சில் அது ஏறப் பதினொன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட ஊருக்கு வந்து திரும்பும் உறவினரிடம் எஸ்எஸ்டி (சின்ன, வேகமான வெளி டிஸ்க்) ஒன்றைக் கொடுத்துவிடுவது அதைவிட வேகம். டிஸ்க்கை எக்ஸ்ஃபெட் (exFAT) முறையில் போர்மட் செய்யுங்கள், பழைய ஃபெட்32 (FAT32) முறை என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இன்னொரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். செவன்-சிப்பில் கடவுச்சொல் போட்டு அடைத்து, டிஸ்க்கைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை டிஸ்க்கில் ஒட்டாமல், அவர் போய் இறங்கிய பிறகு போனில் சொல்லுங்கள்.